அரிவாள் தெரிகிறது, நிய்யத் தெரியுமா?

அண்டை வீட்டார் கையில் அரிவாளைக் காண்கிறோம். ஓலை வெட்டவா, நம்மை வெட்டவா? முந்திக்கொண்டு அவரை வெட்டிவிட்டால் அதைத் தற்காப்பு என்போமா? அரிவாள் தெரியும், நிய்யத் தெரியாதே!

அரசுகள் செய்தால் மட்டும் இதற்குப் பெயர் வேறு. 1962 அக்டோபரில் கியூபாவில் சோவியத் ஏவுகணைகளைக் கண்ட அமெரிக்கத் தளபதிகள், முந்திக் குண்டு வீசிப் பின் படையிறக்கும் திட்டத்தை வற்புறுத்தினர். திட்டம் தீட்டி வைப்பதை நாம் குறை கூறவில்லை. காவல் பொறுப்பேற்றவர் ஆயத்தமாகத்தான் இருக்க வேண்டும். ஆனால் தயாரான திட்டம் சும்மா கிடப்பதில்லை. சந்தேகத்தையே அத்தாட்சியாக்கிக் காட்டும். ஜனாதிபதி கென்னடியின் தம்பி ராபர்ட், பேர்ல் துறைமுகத்தில் ஜப்பான் செய்ததற்கு இது ஒப்பாகுமென்று ஆட்சேபித்தார். கென்னடி கடல் முற்றுகையோடு நின்றார், ஏவுகணைகள் திரும்பின.

தீவில் சுமார் 10,000 சோவியத் வீரர் என்பது திட்டக்காரர் கணக்கு. இருந்தவர்களோ 40,000க்கு மேல். படையிறங்குவோர்மீது ஏவச் சிறிய அணு ஆயுதங்களும் அங்கிருந்தன என்பது அமெரிக்கருக்கு 1992இல்தான் தெரிய வந்தது.