ஊன் தளர்வும் உயிர்க்கடனும்

திருவள்ளூர் மாவட்டத்துத் திருவாலங்காடு, கூத்தப்பெருமானுக்குரிய ஐஞ்சபைகளுள் இரத்தினசபை விளங்குந் தலமாம். காரைக்காலம்மையார் ஊனுடை வனப்பை உதறி என்புருக்கொண்டு, பெருமான் திருவடிக்கீழ் அமர்ந்த தலமும் அதுவே. அவ்வரலாற்றைக் காட்டி, "முதுமையில் ஊன் தேய்தல் இயல்பு; அதனைத் தடுக்க முயலுதல் உடற்பற்றன்றோ?" என வினவுவார் உளர். அதனை ஈண்டு ஆராய்வாம்.

நடுவயதிற்குப் பின்னர்த் தசை சிறிது சிறிதாகக் குறைந்து, அறுபதின்மேல் விரைந்து குறையும். அதன் அளவினும் வலிமை முந்திக் குன்றும். 1989இல் இர்வின் ரோசன்பெர்க் என்னும் அமெரிக்க அறிஞர் இதற்குச் 'சார்கோபீனியா' எனப் பெயரிட்டார். அக்கிரேக்கப் பெயர் ஊன்வறுமை எனப் பொருள்படும். தசையை இயக்கும் நரம்பணுக்கள் மாய்தலும், உண்ட புரதத்தைத் தசையாக்கும் ஆற்றல் குறைதலும், உழைப்பின்றியிருத்தலும் இதற்குக் காரணங்களாம். முன்னிரண்டும் வயதின்பாற்பட்டன, மூன்றாவதோ நம்பாலது. 1990இல் வெளிவந்த பாஸ்டன் நகர ஆராய்ச்சியொன்றிலே, தொண்ணூறு வயதினரான முதியோர் சிலர் 8 வாரம் பளுப்பயிற்சி செய்ய, அவர்தங் கால்வலிமை சராசரி இருமடங்கின்மேற் பெருகிற்று.

இனி வினாவிற்கு வருவாம். தநுகரணங்கள் உயிரின் மலப்பிணிப்பு நீங்குதற்பொருட்டு இறைவன் மாயையினின்றும் படைத்தளித்த கருவிகள் என்பது நம் சித்தாந்தத் துணிபு. கருவியைத் தானென மயங்குதல் பற்று. தந்தவன் கருத்து முற்றுமுன் அதனைத் துருவேறவிடுதலோ மடிமை. இவ்விரண்டும் வேறென்க. அலகிடுதல், மெழுகுதல், மலர்பறித்தல், வலம்வருதலாகிய சரியைத்தொண்டுகள் அனைத்தும் கைகால் வலிமையை வேண்டுவன. அம்மையாரும் உதறியது கணவன்பொருட்டுத் தாங்கிய வனப்பையே யன்றித் தொண்டினை யன்று. அவ்வென்புருவோடன்றோ அவர் கயிலைக்கும் ஆலங்காட்டிற்கும் தலையால் நடந்தனர்! ஆதலின் அவர் வரலாறு சோம்பலுக்குச் சான்றாகாது.

அம்மாவட்டத்துக் கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் இரும்பாலைகள் பல உள. அத்தகைய ஆலைகளில் ஆண்டு பல உழைத்தாரும் வேலைநீங்கி வாளாவிருப்பின், பண்டைய வலிமை எஞ்சி நில்லாது. "அப்பா, இனி நீங்கள் எழவேண்டா, யாவும் யாங்கள் செய்வோம்" என மக்கள் அன்பினாற் கூறுவர். அவ்வன்பே தந்தையைக் கட்டிலோடு பிணிப்பதாய் முடியும். மருத்துவர் சொல்வழி, நாற்காலியினின்று பன்முறை எழுதலும், படியேறுதலும், சிறு பளுத் தூக்குதலும் முதியோர்க்கு வேண்டும். புலால் மறுத்தார்க்குப் பருப்பும் பயறும் பாலும் தயிரும் புரதந் தரும்.

இவ்வாறெல்லாம் பேணியும் ஒருநாள் வலிமை ஒழியும். அது வினையின் எல்லை. அந்நாளில் உயிர் சிறிதுங் குறைவுபட்டதன்று. தோள்வலியால் மட்டும் மாந்தரை மதிப்பார்க்கே முதியோர் பயனற்றாராய்த் தோன்றுவர். எழக்கூடுங்காறும் அவரை எழவிடுதலும், எழவியலாத நாளில் அவர்க்குக் கைகாலாய் நிற்றலும் இளையோர் கடனாம். இவ்விரண்டனுள் முன்னதை மறந்து பின்னதை மட்டுஞ் செய்தல் நிறைந்த அன்பாகாது என்பதே யாம் வலியுறுத்துவது.