வாய்தா

நம்முடைய பேச்சில் சலிப்போடு உச்சரிக்கப்படும் சொற்களில் 'வாய்தா' ஒன்று. வரப்புத் தகராறுக்காக மேலூருக்கும் மதுரைக்கும் அலைகிற விவசாயி, "இன்றைக்கும் வாய்தாதான்" என்று பெருமூச்சு விட்டுக்கொண்டே பஸ் ஏறுகிறார். ஆனால், அந்தச் சொல்லின் பிறப்பு இவ்வளவு கசப்பானதல்ல. அரபு மொழியிலிருந்து புறப்பட்டு நம்மிடம் வந்து சேர்ந்த அதற்கு ஆதியில் வாக்குறுதி என்பதே பொருள். 'இன்ன நாளில் செய்வேன்' என்று ஒருவர் மற்றொருவருக்குக் கொடுக்கும் வாக்கு அது. காலப்போக்கில் வாக்கு தேய்ந்து, நாள் மட்டும் மிஞ்சிவிட்டது!

வாய்தா எப்போது வாக்காகிறது, எப்போது ஏமாற்றாகிறது? அடைக்கலம் கேட்டு நிற்பவர்களை எண்ணும்போதெல்லாம் இந்தக் கேள்வி என்னை உறுத்துகிறது.

அமெரிக்காவில் அடைக்கலம் கோரி மனுச் செய்தவர்கள், பதிலே வராமல் ஆண்டுக்கணக்கில் காத்திருப்பதுண்டு. அவர்களிற் சிலர் அரசாங்கத்தின் மேல் வழக்குத் தொடுக்கிறார்கள். 'அடைக்கலம் கொடு' என்பதல்ல அந்த வழக்கு. 'கொடுப்பதானால் கொடு, மறுப்பதானால் மறு. ஏதாவது ஒன்றைச் சொல்' என்பதுதான். சில சமயம் அரசாங்க வக்கீல், "மனுவை விசாரிக்க நாள் குறித்துவிட்டோம். அதுவரை வழக்கை நிறுத்தி வைப்போமே" என்கிறார். மனுதாரரும் சம்மதிக்கிறார். வழக்கு முடிவதில்லை, உறங்குகிறது. இப்படிச் சம்மதிப்பது விவேகமா, பலவீனமா?

இதை அறியக் கடல் கடந்து போக வேண்டியதில்லை. மதுரையைச் சுற்றி ஆனையூரிலும், உச்சப்பட்டியிலும், மாணிக்கவாசகர் பிறந்த திருவாதவூரிலும் இலங்கைத் தமிழர் முகாம்கள் இருக்கின்றன. அகதிகள் பற்றிய 1951ஆம் ஆண்டு உலக உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை. அடைக்கலத்துக்கென்று இங்கே தனிச் சட்டமும் இல்லை. ஆகவே, இங்கே பிரஜா உரிமை கேட்டுத்தான் வழக்கு நடக்கிறது.

2019ஆம் ஆண்டு ஜூன் மாதம், ஆனைமலைக்கு அருகில் இருக்கும் உயர்நீதிமன்றக் கிளையில் 65 பேருடைய வழக்கில் நீதிபதி ஜி. ஆர். சுவாமிநாதன் தீர்ப்பளித்தார். தேயிலைத் தோட்டங்களுக்குக் கூலிகளாகப் போன நம்மவர்களின் சந்ததியார் அந்த 65 பேரும். இனக் கலவரத்துக்குத் தப்பி வந்து, முகாம்களில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் கழித்தவர்கள். அவ்வளவு நீண்ட காலம் ஒருவரை நாடற்றவராக வைத்திருப்பது அரசியல் சட்டத்தின் 21ஆம் பிரிவுக்கு மாறானது என்றார் நீதிபதி. ஆயினும், 'உரிமையைக் கொடு' என்று அவர் உத்தரவிடவில்லை. அவர்கள் புதிதாக விண்ணப்பம் செய்யட்டும், மத்திய அரசு 16 வாரங்களுக்குள் முடிவு சொல்லட்டும் என்றார். அதுவும் ஒரு வாய்தாதான். ஆனால் நாள் குறித்த வாய்தா!

நாள் குறிக்காத வாய்தாவும் இவர்கள் சரித்திரத்தில் உண்டு. 1948இல் இலங்கை இயற்றிய சட்டம் தோட்டத் தமிழர்களை நாடற்றவர்களாக்கியது. 1964இல் சாஸ்திரியும் சிறிமாவோவும் ஒப்பந்தம் செய்தபோது கணக்கில் இருந்தவர்கள் 9,75,000 பேர். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்தார்கள். மீதி 1,50,000 பேர்? 'பிறகு பார்ப்போம்' என்று ஒத்தி வைத்தார்கள். பத்து ஆண்டுகள் கழித்து, 1974இல், அவர்களைச் சரிபாதியாகப் பங்கிட்டுக்கொண்டார்கள்.

நாவல் எழுதுகிறவனுக்கு ஒரு சலுகை உண்டு. 'பத்து ஆண்டுகள் உருண்டோடின' என்று ஒரு வரி எழுதிவிட்டு அடுத்த அத்தியாயத்துக்குத் தாவிவிடுவேன். வாசகர்கள் கோபிப்பதில்லை. சர்க்கார் கோப்புகளும் அப்படித்தான் தாவுகின்றன. ஆனால் நான் ஒரு வரியில் தாண்டியதை அந்த மனிதர்கள் நாள் நாளாக அல்லவா வாழ்ந்து தீர்க்க வேண்டும்? அந்தப் பத்து ஆண்டுகளில் பிறந்த குழந்தை பள்ளிக்கூடம் போகும் வயதை எட்டியிருக்கும். எந்த நாட்டுப் பிள்ளை என்று கேட்டால் அதற்குச் சொல்லத் தெரியாது.

வக்கீல் நண்பர் ஒருவர் இதை மறுத்தார். "நீங்கள் உணர்ச்சிவசப்படுகிறீர்கள். நாளைக்கே முடிவு சொல் என்று கழுத்தைப் பிடித்தால், 'இல்லை' என்பதுதான் சுலபமான முடிவு. அவசர நீதி எப்படி இருக்கும் என்று மதுரைக்காரருக்கு நான் சொல்ல வேண்டுமா?" என்றார்.

அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. பொற்கொல்லன் பேச்சை நம்பி, விசாரியாமல் கோவலனைக் கொல்லச் சொன்ன பாண்டியன் கதை நடந்த ஊர் இது. ஒரு நாள், ஒரே ஒரு நாள், அவன் அந்த வழக்கை ஒத்தி வைத்திருந்தால் சிலம்பை உடைத்துப் பார்க்க நேரம் இருந்திருக்கும். ஆகவே வாய்தா பாவமல்ல. வழக்கை நிறுத்தி வைக்கச் சம்மதிப்பவர் கோழையும் அல்லர்.

ஆனால் ஒன்றை மறந்துவிடக் கூடாது. ஒத்தி வைக்கப்படும் காலம் நீதிமன்றத்தின் சொத்தன்று, அரசாங்கத்தின் சொத்தும் அன்று. காத்திருப்பவனுடைய ஆயுள் அது. அவன் சம்மதிக்கும்போது தன் ஆயுளில் ஒரு பகுதியைக் கடனாகக் கொடுக்கிறான். கடன் என்றால் தவணை வேண்டும். தவணை தவறினால் கேட்கிற உரிமை வேண்டும். வழக்கை வாபஸ் வாங்காமல் நிறுத்தி மட்டும் வைப்பது அந்த உரிமையைக் கையில் வைத்துக்கொள்ளத்தான். தேதியில்லாமல் சம்மதிக்கச் சொல்வது, பத்திரமே எழுதாமல் கடன் கேட்பதற்குச் சமம்.

முன்னாளில் குடியானவன் கிஸ்தி கட்ட வேண்டிய நாளையும் வாய்தா என்றே சொன்னார்கள். அந்த வாய்தாவைக் குடியானவன் தவறவிட்டால் ஜப்தி வந்தது. மாடும் அண்டாவும் தெருவுக்கு வந்தன. சர்க்கார் தன் வாய்தாவைத் தவறவிட்டால் எதை ஜப்தி செய்வது?

1987ஆம் ஆண்டு ஜூலை முதல் தேதிக்கு முன் இந்திய மண்ணில் பிறந்தவர் பிறப்பாலேயே இந்தியர் என்பது நம் சட்டம். அந்தத் தேதிக்கு முன்பே மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண்மணிக்குப் பாஸ்போர்ட் கொடுக்கும்படி மதுரைக் கிளை 2022இல் உத்தரவிட வேண்டியிருந்தது. அவர் புதிதாக ஒன்றையும் பெறவில்லை. முதல் நாளிலிருந்தே தமக்குச் சொந்தமாயிருந்ததை, முப்பத்தைந்து வயதைத் தாண்டிய பிறகு கையில் வாங்கினார். அத்தனை காலமும் அவரிடம் யாரும் கடன் கேட்கவில்லை, கேளாமலே எடுத்துக்கொண்டார்கள். 'பொறுத்திரு' என்று ஏழைக்குச் சொல்ல யாருக்கும் உரிமை உண்டு என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். எதுவரை என்பதையும் சேர்த்துச் சொல்கிறவனுக்கே அந்த உரிமை உண்டு.