ஆமையின் நினைவு

மீன் பார்வையாலும், பறவை ஸ்பரிசத்தாலும், ஆமை நினைவாலும் தம் குஞ்சுகளைப் பேணும் என்பர் பெரியோர். கரையில் முட்டையிட்டு மணலால் மூடிக் கடலுக்குத் திரும்பும் தாய் ஆமை, மீண்டும் வந்து பார்ப்பதில்லை. முட்டைகளைப் பொரிக்கச் செய்வது மணலின் வெப்பமே என இன்றைய அறிவியல் கூறும். ஆயினும், பலனைக் காண இயலாத பணியைப் பிள்ளைகளுக்குப் பயிற்றுவது எவ்வாறு என்று எண்ணுவோர்க்கு அவ்வுவமை இன்றும் துணை நிற்கிறது.

தை, மாசி, பங்குனி மாதங்களில் சென்னைக் கடற்கரைக்குப் பங்குனி ஆமைகள் முட்டையிட வருகின்றன. ஒரு குழியில் நூறு முட்டைகளுக்கு மேலும் இருக்கும். நாய்களிடமிருந்தும் மனிதரிடமிருந்தும் அவற்றைக் காக்க, மாணவர் குழு ஒன்று 1988 முதல் இரவுகளில் கரை நெடுக நடந்து, முட்டைகளைத் திரட்டி, வேலியிட்ட பொரிப்பகத்தில் புதைத்து வருகிறது. வனத்துறையும் இப்பணியில் ஈடுபட்டுள்ளது. 45 முதல் 60 நாள்களில் குஞ்சுகள் வெளிவரும். உள்ளங்கையளவும் இல்லாத அவை அலையை நோக்கித் தவழ்வதைக் காணப் பெற்றோர் தம் மக்களை அழைத்து வருகின்றனர்.

"இவையெல்லாம் பெரிதாகுமா?" என்று குழந்தை கேட்டால் என்ன விடை கூறுவது? ஆயிரத்தில் ஒன்று பிழைத்தாலே அரிது. அதுவும் முட்டையிடும் பருவம் எய்தப் பத்தாண்டுகளுக்கு மேலாகும். 'ஆம்' என்று சொல்லி மகிழ்விப்பது எளிது. அவ்வாறு வளர்ந்த பிள்ளை, 2025 ஜனவரியில் சென்னைக் கரையோரம் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆமைகள் மாண்டு ஒதுங்கிய செய்தியைக் கேட்டால் யாரை நம்பும்? ஆமை நுரையீரலால் மூச்சுவிடும் உயிர். இழுவலையில் சிக்கி மேலே வர இயலாவிடில் மூச்சடைத்து இறக்கும். கரையிலிருந்து 5 கடல் மைலுக்குள் விசைப்படகுகள் மீன்பிடிக்கலாகாது என்ற சட்டம் இருந்தும் இது நேர்ந்தது. இதையும் பிள்ளைக்குச் சொல்லத்தான் வேண்டும். மந்தர மலையைத் தாங்கிய கூர்மமும் கடலுக்கடியில், எவர் கண்ணிலும் படாமல் அன்றோ இருந்தது!

சொன்னதோடு நில்லாமல், செய்யத்தக்க ஒன்றையும் காட்டல் வேண்டும். பொரித்த குஞ்சு, இருளில் ஒளி மிகுந்த திசையே கடல் என்று கொண்டு நகரும். கரையோர வீடுகளின் மின்விளக்கு அதனைத் தெருவுக்கு ஈர்த்துவிடும். மாசி, பங்குனி இரவுகளில் தன் வீட்டு மாடி விளக்கை அணைக்கும் சிறுமி, எந்தக் குஞ்சு அதனால் கடல் சேர்ந்தது என்பதை ஒருநாளும் அறியாள். மறுநாள் மாலையும் அவள் அணைக்கிறாளா என்பதே பெற்றோர் கவனிக்க வேண்டியது.