கழித்த சீட்டு

ரம்மி ஆடுகிறவர்களுக்கு இது தெரியும். எதிராளி எதைச் சேர்க்கிறான் என்பதைப் போலவே எதைக் கீழே போடுகிறான் என்பதும் முக்கியம். பிரிட்ஜ் ஆட்டத்தில் இதை ஒரு சாஸ்திரமாகவே ஆக்கிவைத்திருக்கிறார்கள்.

பிரிட்ஜ் தெரியாதவர்களுக்கு நாலு வரி. நாலு பேர், எதிரெதிரே உட்காருபவர்கள் ஜோடி. ஆளுக்கு 13 சீட்டு. ஏலத்தில் ஜெயித்த ஜோடியில் ஒருவர் டிக்ளேரர். அவருடைய பார்ட்னர் தன் சீட்டுகளை மேஜைமேல் விரித்துவைத்துவிட்டுச் சும்மா இருப்பார். அவர் டம்மி. இரண்டு கையையும் டிக்ளேரரே ஆடுவார். ஆக, அவருக்குத் தெரிவது 26 சீட்டு, தெரியாதது 26. அந்த 26-ல் எது யாரிடம் என்று கண்டுபிடிப்பதில்தான் ஆட்டமே இருக்கிறது.

டம்மியில் ஸ்பேடு ஆஸ், ராஜா, ராணி, ரெண்டு இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் கையில் மூன்று சில்லறை ஸ்பேடு. மீதி ஆறு எதிராளிகளிடம். அது மூன்று, மூன்றாகப் பிரிந்திருந்தால் டம்மியின் ரெண்டுகூட கடைசியில் ஒரு பிடி எடுக்கும். ஒருவரிடமே நாலு இருந்தால் எடுக்காது. நீங்கள் டயமண்டாக இறக்கிக்கொண்டே போகிறீர்கள். டயமண்ட் தீர்ந்துபோன இடதுபக்கத்துக்காரர் எதையாவது கழித்தாக வேண்டும். அலட்சியமாக ஒரு ஸ்பேடைப் போட்டால், அவரிடம் சரியாக நாலு இருந்திருக்க வாய்ப்புக் குறைவு. எதிரே திறந்துகிடக்கும் டம்மியைப் பார்த்துக்கொண்டே காவல்காரனை யாராவது வீட்டுக்கு அனுப்புவார்களா? மாறாக ஹார்ட், கிளாவர் என்று எல்லாவற்றையும் கழித்துவிட்டு ஸ்பேடை மட்டும் கட்டிக்கொண்டிருந்தால், சந்தேகப்படுங்கள்.

எதிராளிகளும் லேசுப்பட்டவர்கள் இல்லை. கழிக்கும் சீட்டாலேயே ஒருவருக்கொருவர் சேதி சொல்லிக்கொள்வார்கள். 1930-களில் ஹை லாவின்தால் என்ற அமெரிக்கர் தந்த முறையில், பெரிய சீட்டைக் கழித்தால் ‘மீதி இனங்களில் உயர்ந்ததை ஆடு’, சின்னதைக் கழித்தால் ‘தாழ்ந்ததை ஆடு’ என்று அர்த்தம். இந்தச் சங்கேதம் ரகசியம் அல்ல. டிக்ளேரர் கேட்டால், ‘எங்கள் முறை இதுதான்’ என்று சொல்லியாக வேண்டும்.

ஆனால், போடுகிற சீட்டு உண்மையைத்தான் பேச வேண்டும் என்று கட்டாயம் இல்லை. டிக்ளேரரை ஏமாற்றப் பொய்ச் சீட்டு போடலாம், சொந்த பார்ட்னரும் சேர்ந்து ஏமாறுவார் என்ற ரிஸ்க்கோடு. அதே ஆள், கையில் ஒரே ஒரு ஸ்பேடை வைத்துக்கொண்டு, எதைப் போடுவது என்று யோசிப்பதுபோல் நெற்றியைச் சொறிந்தால் அது குற்றம். சர்வதேச விதிகளில் 73-வது விதி அதைத் தடுக்கிறது.

சீட்டால் பொய் சொல்லலாம், முகத்தால் கூடாது. இது என்ன நியாயம்?

யோசித்தால் நியாயம்தான். சீட்டு பொய் பேசும் என்று நாலு பேருக்குமே தெரியும். அதற்குச் சம்மதித்துத்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். நெற்றியைச் சொறிவது அந்தச் சம்மதத்துக்கு வெளியே இருக்கிறது. பிளாட்பாரக் கடைக்காரர் ‘கட்டுப்படியாகாது சார்’ என்கிறார். நீங்கள் போவதுபோல் நாலடி நடக்கிறீர்கள். இரண்டுமே பொய்ச் சீட்டு, யாருக்கும் துரோகம் இல்லை. ஆனால் டெண்டரில் போட்டியாளர்கள் முதல் நாளே பேசிவைத்துக்கொண்டு, ஒன்றும் தெரியாத மாதிரி கவரை நீட்டினால்? டாக்டருக்கும் ஸ்கேன் சென்டருக்கும் நடுவே நோயாளிக்குத் தெரியாமல் ஒரு கமிஷன் ஓடினால்? ஏமாற்று அந்த ரகசியக் கூட்டில் இருக்கிறது.

இன்னும் கஷ்டமான கேள்வி ஒன்று உண்டு. தயக்கம் நிஜமாகவே வந்துவிட்டால்? எதிராளி அதைப் பார்த்து ஊகிக்கலாம், சொந்தப் பொறுப்பில். பார்ட்னர் ஊகிக்கக் கூடாது. பார்த்துவிட்டார், இனி பார்க்காததாக ஆக்க முடியாது. ஆனாலும் அதனால் வரும் லாபத்தைத் தொடாதே என்கிறது விதி. தெரிந்தது தெரிந்ததுதான், தெரிந்ததை விற்றுக் காசாக்காமல் இருப்பது மட்டுமே நம் கையில். ஆபீஸில் தற்செயலாகக் காதில் விழுந்த சேதியை வைத்து, மச்சானை ஷேர் வாங்கச் சொல்லாமல் இருப்பதும் இந்த வகைதான்.

எல்லோராலும் முடிகிறதா? 1975-ல் பெர்முடாவில் நடந்த உலகப் போட்டியில் பார்ட்னர்கள் முகம் பார்க்க முடியாதபடி மேஜை நடுவே திரை வைத்தார்கள். இத்தாலிய ஜோடி ஒன்றின் மேல், மேஜைக்கு அடியில் காலால் பேசிக்கொண்டதாகப் புகார் வந்தது. பிற்பாடு திரை கீழேயும் நீண்டது.

2015-ல் லோட்டன் ஃபிஷர், ரான் ஷ்வார்ட்ஸ் என்ற இஸ்ரேலிய ஜோடி மேல், சீட்டு வைக்கும் தட்டை மேஜையில் எந்த இடத்தில் வைக்கிறார்கள் என்பதையே சங்கேதமாக்கியதாகக் குற்றச்சாட்டு. வீடியோக்களை ஓட்டி ஓட்டிப் பார்த்தார்கள். 2016-ல் ஐரோப்பிய பிரிட்ஜ் லீக் இருவரையும் ஐந்து வருடம் தடை செய்தது.

புகாரைப் பகிரங்கமாக எழுப்பியவர் நார்வேயின் போயே ப்ரோகலண்ட். முந்தைய அணியில் இவர்களும் அவரும் சேர்ந்தே ஆடிப் பெரிய பட்டங்கள் வென்றிருந்தார்கள். இவர்கள் ஏமாற்றியிருந்தால் அவையும் சுத்தமில்லை. வாயை மூடிக்கொண்டிருந்தால் கோப்பைகள் அலமாரியில் பத்திரமாக இருந்திருக்கும். அந்தப் பட்டங்கள் தனக்கு வேண்டாம் என்று அறிவித்தார் ப்ரோகலண்ட்.

ஒருவர் கழிப்பதைப் பார்த்து அவர் கையில் இருப்பதைச் சொல்லலாம் என்கிறது பிரிட்ஜ். ப்ரோகலண்ட் கழித்ததைப் பார்த்தால் கையில் எதை வைத்துக்கொண்டார் என்று தெரிகிறது.