மடிப்பிச்சையும் மாரத்தானும்

போடிக்கு அருகே முந்தலில் பிரிந்து குரங்கணிக்குப் போகும் சாலை, ஓடிப் பழக நல்ல இடம். மாந்தோப்புகள், இலவ மரங்கள், கூடவே கொட்டகுடி ஆறு. ஏற்றம் கண்ணுக்குத் தெரியாது. தொடைதான் முதலில் சொல்லும். நோயாளிகளுக்கான நிதி ஒன்றுக்குப் பணம் திரட்ட முதல் மாரத்தான் ஓடுவதாகப் பெயர் கொடுத்துவிட்டு இங்கேதான் பழகினேன்.

42.195 கிலோமீட்டர். அறுபது கிலோ எடையுள்ளவருக்குக் கிலோமீட்டருக்குச் சுமார் 60 கலோரி என்றால் முழுத் தூரத்துக்கு 2,500 வேண்டும். தசையிலும் ஈரலிலும் சேர்ந்திருக்கும் சர்க்கரையோ ஏறக்குறைய 2,000 கலோரிக்குத்தான் வரும். முப்பது கிலோமீட்டரைத் தாண்டியதும் பலருக்குக் கால் நகர மறுப்பது இதனால்தான். இதற்குப் பயிற்சி உண்டு. வாரம் ஒருமுறை நெடுந்தூரம் ஓடலாம், வழியில் ஏதாவது சாப்பிட்டுக்கொள்ளலாம். பணம் கேட்பதற்குத்தான் பயிற்சி இல்லை.

“நீ ஓடுறதுக்கு நான் எதுக்குப்பா காசு குடுக்கணும்?” என்றார் போடியில் ஏலக்காய்க் கடை வைத்திருக்கும் அண்ணாச்சி. நியாயமான கேள்வி. ஓட்டம் ஒரு ரூபாயைக்கூட விளைவிப்பதில்லை.

குரங்கணிக்கு மேலே போனால் இந்தக் கேள்வி இன்னும் உறைக்கும். வண்டி ஏறாத மலைக் குடியிருப்புகளிலிருந்து நோயாளியை டோலி கட்டித்தான் இறக்க வேண்டும். 2018 மார்ச் 11 அன்று காட்டுத்தீயில் மலையேற்றக் குழுவினர் சிக்கியபோது முதலில் ஏறிப்போனவர்களில் உள்ளூர்க்காரர்களும் தோட்டத் தொழிலாளர்களும் இருந்தார்கள். வெந்த உடம்புகளைப் போர்வையில் ஏந்தி வந்தார்கள். 23 உயிர்கள் போயின. அங்கே வைத்த ஒவ்வோர் அடியிலும் ஓர் ஆளின் கனம் இருந்தது. தர்மத்துக்காக மாரத்தான் ஓடுகிறவன் எதைச் சுமக்கிறான்? வெறுங்கையோடு கிளம்பி வெறுங்கையோடு முடிக்கிறான்.

அண்ணாச்சிக்கான பதில் வீரபாண்டி கௌமாரியம்மன் கோயில் பக்கம் இருந்தது. சித்திரைத் திருவிழாவுக்குத் தீச்சட்டி எடுக்க நேர்ந்துகொண்டவர்களில், வசதியான வீட்டுப் பெண்களும் வாசல் வாசலாக மடிப்பிச்சை கேட்பார்கள். ‘உனக்கென்ன குறை, எதற்குக் கேட்கிறாய்?’ என்று யாரும் கேட்பதில்லை. அவள் நெருப்பைச் சுமக்கப் போகிறாள் என்பது தெரியும். அந்த வேதனைதான் கேட்கும் முகத்தைத் தருகிறது. கேட்டு வாங்கியதாலேயே அந்த வேதனை அவளுடைய தனிச் சாதனையாக இல்லாமல் ஊருக்கும் பங்குள்ளதாகிறது. மடியில் விழும் காசு கூலி அல்ல. போட்டவரும் கூட நடக்கிறார்.

மாரத்தானிலும் இப்படிப் பிறருக்காக ஓடியவர்கள் உண்டு. ஃபௌஜா சிங் 89 வயதில், 2000ஆம் ஆண்டு லண்டனில், தன் முதல் மாரத்தானை ஓடியது குறைமாதக் குழந்தைகளுக்காக. 2023இல் சென்னையில் கலைஞர் நினைவு மாரத்தானுக்கு 73,206 பேர் பதிவு செய்தார்கள். திரண்ட தொகை மூன்று கோடி ரூபாயைத் தாண்டியது. எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனைக்கு வருவோரின் உடனிருப்பவர்கள் தங்குவதற்கான கட்டடத்துக்கென்று அதை ஒதுக்கினார்கள். வராந்தாவில் துண்டு விரித்துப் படுத்த தகப்பன்களைப் பார்த்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய காரியம் என்று தெரியும்.

கேட்கக் கூச்சப்பட்டு, திரட்ட வேண்டிய முழுத் தொகையையும் தாமே கட்டிவிட்டு ஓடுகிறவர்கள் உண்டு. பணம் போக வேண்டிய இடத்துக்குப் போய்விடும், அதில் குறையில்லை. ஆனால் தன் காசைத் தானே மடியில் போட்டுக்கொள்வதை வீரபாண்டியில் யாரும் நேர்த்திக்கடன் கணக்கில் சேர்க்க மாட்டார்கள்.