அழுதால் ஈமான் குறைந்துவிடுமா?

பக்கவாதம் வந்து படுத்திருக்கும் ஒருவரைப் பார்க்கப் போகிறோம். நம்மைக் கண்டதும் அவர் கண்களில் நீர் வழிகிறது. உடனே நம் வாயிலிருந்து வரும் வார்த்தை என்ன? "சபூர் செய்யுங்கள் பாய்! ஈமான் உள்ளவர் அழலாமா?" என்பதுதான். வேடந்தாங்கல், மதுராந்தகம் பக்கத்து வீடுகளில் நாம் பலமுறை கேட்ட பேச்சு இது. மற்ற ஊர்களிலும் வேறாக இருக்காது. ஆறுதல் என்று எண்ணித்தான் சொல்கிறோம். படுத்திருப்பவரின் காதிலோ அது தீர்ப்பாக விழுகிறது. கையும் காலும் போயின, ஈமானும் போயிற்றென்று நம்மவர்களே சொல்லிவிட்டார்களே என்று அவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்கிறார். அந்தத் தீர்ப்பைச் சொல்ல நமக்கு உரிமை உண்டா?

மூளைக்குச் செல்லும் இரத்தக் குழாய் அடைபட்டாலோ வெடித்தாலோ, மூளையில் அந்தப் பகுதி பழுதாகிறது. கை கால்களை அசைக்கும் இடம் அங்கே இருப்பதுபோல, மகிழ்ச்சியையும் துக்கத்தையும் நடத்தும் இடங்களும் அங்கேதான் இருக்கின்றன. பக்கவாதம் கண்டவர்களில் ஏறத்தாழ மூவரில் ஒருவர் மனச்சோர்வுக்கு ஆளாகிறார் என்பது மருத்துவ உலகம் அறிந்த உண்மை. சிலருக்குக் காரணமின்றி அழுகை பீறிடும். சிலர் மவுத்துச் செய்தியைக் கேட்டுச் சிரித்துவிடுவார்கள். வீட்டார் வெட்கித் தலைகுனிவார்கள். செயலிழந்த கையைப் பார்த்து "ஏன் தூக்கவில்லை?" என்று எவரும் கோபிப்பதில்லை. செயலிழந்த மனத்தை மட்டும் கோபித்துக்கொள்கிறோம்.

யூஸுஃப் சூராவை ஓதாத வீடு நம்மிடையே உண்டா? அழகிய பொறுமையை மேற்கொண்டவர்களாக யஃகூப் (அலை) அவர்களை நமக்குக் காட்டுவது அந்தச் சூராதான். மகனைப் பிரிந்த துயரத்தில் அவர்களுடைய கண்கள் வெளுத்துப்போயின என்று சொல்வதும் அதே சூராதான். இன்னும் யூஸுஃபையே நினைத்து உருகுகிறீர்களே என்று வீட்டார் குறைசொன்னதைக்கூட அல்லாஹ் அதில் எடுத்துச் சொல்லியிருக்கிறான். தம் துயரத்தைத் தம் இறைவனிடமே முறையிடுவதாக நபியவர்கள் பதில் சொன்னார்கள். கண்ணீரும் சபூரும் ஒரே உள்ளத்தில் குடியிருந்தன.

அல்லாஹ்வின் அருளில் நம்பிக்கை இழப்பது பாவமல்லவா என்று கேட்கலாம். பாவம்தான். ஆனால் ஒருவர் நம்பிக்கை இழந்தாரா, நோயின் கனத்தால் வாடுகிறாரா என்று கட்டிலருகே பத்து நிமிடம் உட்கார்ந்த நாம் எப்படி அறிவோம்? கி.பி. 934-இல் மறைந்த அபூ ஸைத் அல்பல்கீ என்ற அறிஞர், உடல் நலத்தையும் உள்ளத்தின் நலத்தையும் சேர்த்து ஒரு நூல் எழுதினார். காரணம் தெரிந்து வரும் துக்கம் ஒன்று, காரணம் தெரியாமல் உடலிலிருந்தே கிளம்பும் துக்கம் மற்றொன்று என்று அதில் பிரித்துக் காட்டினார். பின்னதற்கு உடலுக்கும் வைத்தியம் வேண்டும் என்பது அவர் முடிவு. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் நம்மவர் கண்ட இந்த வேறுபாட்டை நாம் மறந்துவிட்டோம்.

பக்கவாத நோயாளியை உள்ளே அரிப்பது பெரும்பாலும் தொழுகைக் கவலை. பாங்கு சொன்னதும் பள்ளிக்கு நடந்தவர் அவர். இப்போது ஒரு கையால் ஒளூச் செய்ய முடியவில்லை. சிறுநீர் தானாகக் கசிகிறது. இந்த அசுத்தத்தோடு எப்படி நிற்பேன் என்று தொழுகையையே விட்டுவிடுகிறார். விட்டதை எண்ணி மேலும் நொறுங்குகிறார். இங்கேதான் மார்க்கம் தெரிந்தவர் அவரிடம் போக வேண்டும். நின்று தொழ முடியாவிட்டால் உட்கார்ந்து, அதுவும் முடியாவிட்டால் ஒருக்களித்துப் படுத்துத் தொழுமாறு இம்ரான் இப்னு ஹுஸைன் (ரலி) அவர்களுக்கு நபி (ஸல்) அவர்கள் வழிகாட்டினார்கள். ஒளூவுக்கு மகன் தண்ணீர் ஊற்றலாம், மகனே கழுவியும் விடலாம். தண்ணீர் ஆகாதென்றால் தயம்மும் இருக்கிறது. சிறுநீர் நிற்காதவர் வக்து வந்தபின் சுத்தம் செய்து, ஒளூச் செய்து தொழுதுகொள்ளலாம். நாக்குப் புரளாதவரிடம் அவரால் இயன்றதற்கு மேல் ஓதலும் கேட்கப்படவில்லை. நலமாக இருந்தபோது வழக்கமாகச் செய்த அமல்களின் கூலி நோயாளிக்கு எழுதப்படுகிறது என்ற ஹதீஸையும் அவர் காதில் போடுங்கள். இந்தச் சலுகைகளை இரண்டாந்தரத் தொழுகை என்று நினைப்பவர்கள், சலுகை தந்தவன் யார் என்பதை எண்ணிப் பார்க்கட்டும்.

அடுத்தது பேச்சு. 1984 அக்டோபரில் முதலமைச்சர் எம்.ஜி.ஆர். அவர்கள் பக்கவாதத்தால் தாக்கப்பட்டார். அமெரிக்காவில் சிகிச்சை பெற்று 1985 பிப்ரவரியில் திரும்பியபோது பேச்சு குழறியது. அந்தக் குழறலைக் கேட்கவும் ஜனங்கள் கூடினார்கள். நம் வீட்டில் அத்தா ஒரு வார்த்தையைத் தேடித் தடுமாறும்போது, நாமே அதை முடித்துவிட்டு எழுந்துபோகிறோம். அறிவு அவருக்குத் தெளிவாகவே இருக்கலாம், வார்த்தைதான் வரவில்லை. காத்திருங்கள்.

பார்க்க வருபவர்களும் அளவறிந்து பேச வேண்டும். வேடந்தாங்கல் ஏரிப் பறவைகள் கலைந்துவிடக் கூடாதென்று அவ்வூர் மக்கள் பண்டிகை நாளிலும் வெடி வெடிப்பதில்லை. நாமோ கட்டிலைச் சுற்றி நின்று, இதே நோயில் யார் யார் மவுத்தானார்கள் என்று கணக்குச் சொல்கிறோம்!

"என்னை அல்லாஹ் எடுத்துக்கொள்ள மாட்டானா?" என்று அவர் அடிக்கடி சொன்னால், மரணத்தை விரும்புவது கூடாதென்று அதட்டி வாயடைக்க வேண்டாம். அது மருத்துவரிடம் சொல்ல வேண்டிய செய்தி. தூக்கமின்மை, உணவில் வெறுப்பு, உடற்பயிற்சிக்கு மறுப்பு ஆகியவையும் அப்படியே. மனச்சோர்வுக்கு மருந்து உண்டு. அது பைத்தியத்துக்கான மருந்தல்ல. மனம் தேறினால்தான் கைகால் பயிற்சியும் நடக்கும். செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை நம் பக்கத்திலேயே இருக்கிறது. 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் உடற்பயிற்சி தருபவர்கள் வீட்டுக்கே வருகிறார்கள். மனநல ஆலோசனைக்கு 14416 என்ற எண்ணில் கட்டணமின்றிப் பேசலாம். ஓதி ஊதுவதும் துஆவும் இவற்றோடு சேர்ந்தே நடக்கட்டும்.

எழுந்து வரும்போது சமையலறை வாசலில் நிற்கும் அவர் மனைவியையும் பாருங்கள். இரவில் எத்தனை முறை எழுந்தார் என்று யாரும் அவரைக் கேட்டிருக்க மாட்டார்கள். மகளோ, மருமகளோ, பக்கத்து வீட்டுச் சகோதரியோ லுஹர் முதல் அஸர் வரை அந்தக் கட்டிலருகே உட்கார்ந்தால், அவர் கொஞ்சம் தூங்குவார்.