நிறுத்துமிடக் கட்டணமும் பொதுவெளியின் அறமும்

தாமிரபரணியின் இரு கரைகளிலும் அமைந்த திருநெல்வேலியையும் பாளையங்கோட்டையையும் இணைக்கும் சுலோசன முதலியார் பாலம் 1843-ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. அதுவரை படகை நம்பியே ஆற்றைக் கடந்துவந்த மக்களுக்காக, ஆட்சியர் அலுவலகத்தில் சிரஸ்தாராகப் பணியாற்றிய சுலோசன முதலியார் ஏறத்தாழ அரை லட்சம் ரூபாயைத் தம் கைப்பொருளிலிருந்தே வழங்கினார். ஆகவே கட்டணமின்றிக் கடக்கும் வழி என்பது இவ்வூரின் நினைவில் கொடையோடு பிணைந்தே நிற்கிறது. சுங்கத்தை, அதாவது வணிகச் சரக்கின் மீது விதிக்கப்பட்ட வரியை, நீக்கியமையால் முதலாம் குலோத்துங்கன் 'சுங்கம் தவிர்த்த சோழன்' எனப் போற்றப்பட்டதும் இதே மனப்பாங்கினால்தான். இத்தகைய மரபுள்ள ஊரில், மாலையில் கடைவீதிக்கு வருவோர் வண்டியை நிறுத்தக் கட்டணம் செலுத்த வேண்டுமென்றால், அது அறமாகுமா என்ற வினா எழுவது இயல்பே.

ஆயினும் பாலமும் நிறுத்துமிடமும் ஒரு தன்மையன அல்ல. பாலத்தின்மீது ஒருவர் நடப்பதால் மற்றவருக்குரிய வழி குறைவதில்லை. மார்க்கெட்டின் முன் ஒரு கார் நிற்குமானால், அந்த இடம் பிறர் எவருக்கும் இல்லாமற் போகிறது. தெரு என்பது புறம்போக்கு, அதாவது வருவாய்த்துறைப் பதிவேட்டில் தனியொருவர் பட்டாவில் அடங்காத பொதுநிலம். அதில் இரண்டு மணிநேரம் வண்டியை நிறுத்துபவர் அந்த இரண்டு மணிநேரமும் பட்டாதாரரைப் போலவே அதை அனுபவிக்கிறார். அவருக்கு அதை இலவசமாக அளிப்பவர் யார் என்று கேட்டால், நகரப் பேருந்தில் வந்து இறங்குபவரும், நடைபாதை இன்றி வண்டிகளுக்கிடையே ஒதுங்கி நடப்பவருமே என்பது விடை. கேளாமலே அவர்களிடமிருந்து எடுக்கப்படுவதைக் கொடை என்று சொல்ல இயலாது.

பாளையங்கோட்டையில் இவ்வினா மாலைக்கே உரியது. நண்பகல் வெயிலில் ஒடுங்கிக் கிடக்கும் ஊர், பொழுது சாய்ந்த பின்னரே முருகன்குறிச்சியிலும் மார்க்கெட்டிலும் திரள்கிறது. கோயில்களில் சாயரட்சை எனப்படும் அந்திப் பூசையும் அப்பொழுதுதான். எனவே அலுவலக நேரத்தோடு முடிந்துவிடும் கட்டணம், நெரிசல் இல்லாதபோது வசூலித்து, இருக்கும்போது விட்டுவிடும் விந்தையாகவே முடியும். அமெரிக்க அறிஞர் டொனால்ட் ஷூப், 2005-இல் வெளிவந்த தம் நூலில், தெருவுக்கு ஓரிரு இடங்களேனும் எப்போதும் காலியாக இருக்கும் அளவில் கட்டணத்தை அமைக்க வேண்டும் என்றும், வரும் பணத்தை அத்தெருவுக்கே செலவிட வேண்டும் என்றும் வாதிட்டார். அமெரிக்காவின் பாசடீனா நகரில் 'பழைய பாசடீனா' எனப்படும் பகுதியில் அந்நூலுக்கு முன்பே, 1993 முதல், அவ்வாறே செய்யப்பட்டு நடைபாதைகள் சீரடைந்தன. இவற்றுள் முதற்பாதி பொருளியல், பிற்பாதியே அறம். தமிழக ஊர்களில் வசூல் உரிமை பெரும்பாலும் குத்தகைக்கு ஏலம் விடப்படுவதால், டோக்கனைப் பெறும் குடிமகன் தான் கொடுத்த பணம் எங்கே திரும்பி வருகிறது என்பதைக் காண்பதேயில்லை. புறநானூற்றில் பாண்டியன் அறிவுடை நம்பிக்குப் பிசிராந்தையார் எடுத்துரைப்பதும் வரி வேண்டுமா வேண்டாமா என்பதையன்று, அது கொள்ளப்படும் முறையையே.

வழிபாட்டுக்கு வருவோரிடம் வாங்குவது தகுமா என்பது மற்றொரு தடை. அலகாபாத், கயை, புரி ஆகிய தலங்களில் கிழக்கிந்தியக் கம்பெனி அரசு வாங்கிவந்த யாத்திரை வரி 1840-இல் நீக்கப்பட்டது. அரசு உருவ வழிபாட்டில் பங்காளியாவதை வெறுத்த கிறித்தவ சமயப் பற்றாளர்கள் அந்நீக்கத்துக்காக முனைந்து போராடினர் என்பது வரலாற்றின் குறும்பு. அவ்வரி இறைவனைக் காண்பதற்கே விலை வைத்தது. நிறுத்துமிடக் கட்டணமோ பக்தரிடமன்று, அவர் கொண்டுவரும் வண்டியிடமே கேட்கப்படுகிறது. நடந்து வருபவரிடம் அது ஒன்றும் கேட்பதில்லை.

உண்மையான இடர் ஹைகிரவுண்டில் உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையை எண்ணும்போதே புலப்படுகிறது. துணி எடுக்க வருபவர் நாளைக்கு வரலாம், பேருந்தில் வரலாம். விபத்துப் பிரிவில் கிடக்கும் தம்பிக்காக ஓடி வருபவருக்கு அத்தகைய தெரிவு கிடையாது. கட்டணம் மனிதரின் தெரிவைத் திருத்தும் கருவியாதலால், தெரிவே இல்லாத இடத்தில் அது வெறும் பறிப்பாகிவிடுகிறது. தசரா இரவுகளிலோ நிலை வேறு: அம்மன் கோயில்களின் சப்பரங்கள் வீதியுலா வரும் தெருவில், எத்தனை ரூபாய் கொடுத்தாலும் காருக்கு இடமில்லை என்று சொல்வதே நகர நிர்வாகத்தின் கடமையாகும்.